சரோஜா வீட்டுக் கல்யாண முருங்கை

போன வாரம் எட்டாம் வகுப்பில் எனக்கு இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் கிடைத்தது. கணக்கு வாத்தியார் லீவு. டிராயிங் டீச்சருக்கு இப்படி ஏதாவது அதிர்ஷ்டம் அடித்தால்தான் உண்டு... பரீட்சை நெருங்கினால் முதலில் பிடுங்கப்படுவது நம் பீரியட்தானே?

'வசந்த காலம்' என்று போர்டில் எழுதி, வரையுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தாள்களை வாங்கிப் பார்த்தால் – எல்லாவற்றிலும் அதே இரண்டு மலை. நடுவில் சூரியன். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை. ஒரு பெண் மட்டும் மலை உச்சியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"பனி, டீச்சர்."

"பனியை எங்கே பார்த்தே?"

"எங்க மாமா கடை காலண்டர்ல, டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். மைதானத்தின் ஓரத்தில் புங்க மரம். பத்து நாள் முன்பு மொட்டையாக நின்ற மரம், இப்போது எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பில் இளம்பச்சை இலையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. "அது உங்க கண்ணுக்குத் தெரியலையா? அது வசந்தம் இல்லையா?" என்று கத்தினேன்.

ஒரு பையன் எழுந்து ரொம்ப மரியாதையாக, "அது தினமும் அங்கயேதானே நிக்குது, டீச்சர்?" என்றான்.

வகுப்பே சிரித்தது. என்ன செய்ய, நானும் சிரித்துவிட்டேன்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வசந்தம் என்றாலே நமக்குக் காட்டப்படுவது வேறு ஊர்தான். சினிமாவில் கதாநாயகி ஓடுவாள், கதாநாயகன் துரத்துவான், கீழே பெயர் தெரியாத பூக்கள் ஏக்கர் கணக்கில் ஆடும். கவிதை என்றால் குயில் கூவ வேண்டும், தென்றல் வீச வேண்டும், மன்மதன் கரும்பு வில்லோடு ரெடியாக நிற்க வேண்டும். எங்கள் தர்மபுரியில் பங்குனியில் தென்றலா? பெங்களூர் ரோட்டில் லாரி போனால் ஒரு காற்று வரும் – கூடவே கால் கிலோ புழுதியும் வரும். கிணற்றில் வாளி விட்டால் தண்ணீருக்கு முன்னால் பாறை தட்டும்.

ஆனால் பாருங்கள், அந்தக் காய்ச்சலில்தான் அரச மரம் செம்பு நிறத்தில் கொழுந்து விடுகிறது. வேம்பு பூக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மழை கண்ணிலேயே படவில்லை, இருந்தாலும் துளிர்க்கிறது. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அலுக்கவே இல்லை.

மனிதர்களுக்கும் இந்த மாதம்தான் புதுசாக வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொடுத்தனுப்புகிறார்கள். கோயில்களில் சாமிகளுக்கே பங்குனி உத்திரத்தில் மறுபடியும் கல்யாணம். எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் இருந்துவிட்டு, உயிர்ப்புத் திருநாளன்று பிரியாணி வாசனையோடு உயிர்த்தெழுகிறோம். எல்லாம் சந்தோஷம்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். துளிர்க்க வேண்டியது மரமாக இல்லாமல் ஒரு மனுஷியாக இருந்து, அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு 'எங்கே, துளிர் பார்க்கலாம்' என்று ஊரே வேடிக்கை பார்த்தால்? அந்தக் கஷ்டத்தைச் சரோஜாவிடம்தான் கேட்க வேண்டும்.

சரோஜா எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் தையலுக்கும் டிராயிங்குக்கும் ஒரே பெஞ்சு, அதுவும் ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. அதில் ஒன்றாக உட்கார்ந்து உட்கார்ந்தே சிநேகிதம் ஆனோம். கடத்தூர்ப் பெண். கல்யாணமான இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலையில் புருஷன் போய்விட்டான். பெற்றவர்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, டிரெயினிங் முடித்து, வேலைக்கு வந்தவள்.

போன வருஷம் மாசியில் அவளுக்கு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை கோவிந்தன் இண்டூர்க்காரர். கொஞ்சம் நிலம், ஒரு பம்ப்செட் மோட்டார் ரிப்பேர்க் கடை. அவருக்கு அதுதான் முதல் கல்யாணம். பள்ளிக்கூடத்து மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர், தையல் மெஷினையும் சரிசெய்து கொடுத்தார். அப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்குப் புரியாதா என்ன?

கோவிந்தனின் அம்மா மாதம்மாள் ஒரு மாதம் யோசித்துவிட்டு, "எம் பையன் சந்தோசமா இருந்தா செரி" என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை. புருஷனைத் தின்றவள் என்ற வார்த்தையைக் காதில் விழும்படியே பேசினார்கள். அதில் முன்வரிசை கோவிந்தனின் தாய்மாமன் முனுசாமி. மாதம்மாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. கெட்ட மனுஷர் இல்லை, குரல்தான் பெரிசு. முறைக்கு எதிராக ஏதாவது நடந்தால் அவருக்கு அஜீரணம் மாதிரி ஆகிவிடும்.

இருந்தாலும் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? முகூர்த்தக்கால் நடுவது அவர் உரிமை. கல்யாண முருங்கை மரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போத்து வெட்டி, அடியைக் கூராகச் சீவி, மஞ்சளும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாகப் பூசி, மாவிலை கட்டிப் பந்தலில் நடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் அதே போத்தைப் பிடுங்கி மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் நட்டுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அது துளிர்த்தால் குடும்பமும் துளிர்க்கும் என்பது நம்பிக்கை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா? வெட்டின கொம்பு மறுபடி வேர் பிடிப்பதைப் போல, பிறந்த வீட்டிலிருந்து வந்த பெண்ணும் புது மண்ணில் வேர் பிடிக்கட்டும் என்று யாரோ ஒரு ரசனைக்காரர் யோசித்திருக்கிறார்.

அழகெல்லாம் துளிர்த்தால்தான்!

கல்யாண முருங்கை லேசில் பட்டுப்போகிற ஜாதி இல்லை. வேலிக்கு நட்டாலே இரண்டு மூன்று வாரத்தில் இலை தள்ளிவிடும். முனுசாமி மாமா நட்ட போத்து மட்டும் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. மாசி போய்ப் பங்குனி பிறந்தது. பக்கத்துத் தோட்டத்து வேலியெல்லாம் சிவப்புப் பூவும் இலையுமாகக் கிடக்க, இது மட்டும் மஞ்சள் பூசின கம்பமாக நின்றது.

தெருப் பெண்களுக்கு அந்த மாதம் பார்த்து உப்பு தீர்ந்துபோனது, புளி தீர்ந்துபோனது. ஒவ்வொருத்தியாகக் கடன் கேட்கக் கொல்லைப்பக்கமாகவே வந்தார்கள். உப்பை வாங்கிக்கொண்டு கொம்பைப் பார்த்து ஒரு 'ஊம்' கொட்டிவிட்டுப் போனார்கள்.

"டீச்சர், நான் எதுக்கும் பயப்படலைங்க. ஆனா ஒரு குச்சிகிட்ட தோத்துருவேன் போல இருக்குது" என்றாள் சரோஜா ஒருநாள் பெஞ்சில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையில் இருந்த துணியில் ஊசி மட்டும் ஏறவே இல்லை.

"நீ படிச்சவ. குச்சி துளிர்க்காததுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?"

"எனக்குத் தெரியுது. பொங்கப்பானைக்குத் தெரியுமா?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சித்திரையில் அவர்கள் குலசாமிக்குப் பொங்கல். பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். அந்த வருஷம் வீட்டுக்கு வந்த புது மருமகள்தான் முதல் பானையைத் தலையில் எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைக்க வேண்டும். முனுசாமி மாமா அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: முகூர்த்தக்கால் துளிர்க்கவில்லை என்றால் சாமி ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், இந்த வருஷம் பானையை வேறு யாராவது சுமங்கலி எடுக்கட்டும், சரோஜா ஓரமாக நிற்கட்டும்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். அதான் பயமா இருக்குது. ஒரு தடவ ஓரமா நின்னுட்டேன்னா, அப்புறம் காலத்துக்கும் ஓரந்தான்."

நாலு வருஷம் எல்லா விசேஷத்திலும் ஓரமாக நின்றவள் அவள். தங்கை கல்யாணத்தில்கூட சமையல் கட்டில்தான் இருந்தாள். ஓரம் எவ்வளவு அகலம் என்று அவளுக்கு அளந்து தெரியும்.

அதன் பிறகு அந்தக் கொம்புக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே... மாதம்மாள் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினார். கோவிந்தன் கிணற்றடியிலிருந்து தனியாக ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டார். மோட்டார்க்காரர் இல்லையா, தண்ணீர் போய்ச் சேர்ந்தால் எல்லாம் ஓடும் என்பது அவர் சித்தாந்தம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்து போட்டார். கொம்போ கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் நின்றது.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையில் தண்ணீர் மந்திரிப்பார்கள். ஆளுக்கு ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பாட்டிலையும், ஒரு தூக்குச்சட்டி பிரியாணியையும் எடுத்துக்கொண்டு இண்டூர் பஸ் ஏறிவிட்டேன். பிரியாணி மனிதர்களுக்கு, தண்ணீர் கொம்புக்கு. பாதி வழியில்தான் உறைத்தது, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று.

மாதம்மாள் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "எந்தச் சாமித் தண்ணியா இருந்தா என்னங்க டீச்சரம்மா? ஊத்துங்க. எல்லாரும்தான் ஊத்திப் பாத்தாச்சு" என்றார். அந்தக் குரலில் தெம்பே இல்லை. ஏனென்றால் வாசலில் முனுசாமி மாமாவின் மொபெட் நின்றது. பானை விஷயத்தை முடிவு பண்ணிவிட்டுப் போக வந்திருந்தார்.

எல்லாருமாகக் கொல்லைக்குப் போனோம். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொம்பை ஒரு சுற்று சுற்றினார். "அக்கா, நான் சொன்னா கோவிச்சிக்குவ. நானே பூசி, நானே நட்ட காலு. எத்தன வூட்டுல நட்டிருக்கறேன்! ஒண்ணு பட்டுப்போயிருக்குமா? இங்க மட்டும் ஏன் இப்பிடி? நீயே சொல்லு."

கோவிந்தன் ஏதோ பேச வாயெடுத்தார். "நீ சும்மா இரு மாப்ள" என்று மாமா அடக்கிவிட்டார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டு கொம்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் சட்டென்று பாட்டிலைத் திறந்து கொம்பின் தலையிலிருந்து மொத்தத் தண்ணீரையும் ஊற்றினேன். பக்தியில் ஊற்றினேனா, கோபத்தில் ஊற்றினேனா என்று எனக்கே தெரியாது. நிறைய ஊற்றிவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைந்து வழிந்தன.

தலையைக் குனிந்திருந்த சரோஜா அப்படியே குந்தி உட்கார்ந்தாள். தண்ணீர் கழுவிவிட்ட இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சையாக இருந்தது. உயிர் போகவில்லை! பிறகு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரவிக்கைத் துணியைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சர்... பூப்போட்ட துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிட்டா எப்பிடி இருக்கும்? பூவெல்லாம் தலைகீழா தொங்குமே... அப்பிடி இருக்குதுங்க இது."

"என்னடி சொல்றே?"

"இலை உதிர்ந்த தழும்பு பாருங்க. அதுக்கு மேலதானே மொட்டு இருக்கோணும்? இதுல எல்லா மொட்டும் தழும்புக்குக் கீழ இருக்குது."

சொல்லிக்கொண்டே எழுந்தாள். புடவையை இடுப்பில் செருகினாள். இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்து, ஒரே இழுப்பு – பிடுங்கிவிட்டாள்!

"ஐயையோ! கல்யாணக் காலைப் புடுங்கிட்டாளே! அபசகுனம், அபசகுனம்!" என்று முனுசாமி மாமா போட்ட சத்தத்தில், உப்புக் கடன் வாங்குகிற கூட்டம் மொத்தமும் வேலிக்கு வந்துவிட்டது.

சரோஜா எதையும் காதில் வாங்கவில்லை. கொம்பைத் துவைக்கிற கல்லின் மேல் கிடத்தினாள். மண்ணுக்குள் இருந்த முனை சன்னமாக, கூராகச் சீவியிருந்தது. மேலே இருந்த முனை நல்ல பருமன்.

மாதம்மாள் குனிந்து பார்த்தார். காலமெல்லாம் வேலிக்குப் போத்து நட்ட பெண்பிள்ளை அவர். மஞ்சளும் மாவிலையும் கட்டி மறைத்துவிட்டதால் அவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. அந்த முனையைப் பார்த்தார், இந்த முனையைப் பார்த்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா முனுசாமி... நுனியையாடா சீவி நட்ட?"

மாமாவின் பெரிய குரல் எங்கே போனதோ! "அது... அன்னைக்கி நல்ல நேரம் போயிட்டிருந்துதுக்கா. அருவா வேற மொக்க. மெல்லிசா இருக்கற பக்கந்தான் சீவறதுக்குச் சுளுவா இருந்துச்சு..." என்று முனகினார்.

மாதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது, அப்புறம் துவைக்கிற கல்லையே பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு பற்றிக்கொண்டது. கோவிந்தன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிவிட்டார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி மாதம்மாள் சொன்னார்: "இது துளுக்கட்டும், துளுக்காம போவட்டும். பொங்கப்பானைய எம் மருமவதான் எடுக்கும். குச்சியவே தலைகீழா நட்டவன் பேச்சைக் கேட்டு, எம் வூட்டுப் புள்ளைய நான் ஓரமா நிறுத்துவனா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரோஜாவுக்கு வரவில்லை. அவள் அரிவாளை எடுத்து அடிமுனையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்ததும் கொம்பை முனுசாமி மாமாவிடம் நீட்டினாள்.

"நீங்களே நடுங்க மாமா. மொறை உங்களுதுதானே?"

அவர் வாங்கிக்கொண்டார். நட்டார். என் பிரியாணியைச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார்.

சித்திரையில் பொங்கலுக்கு நானும் போயிருந்தேன். சரோஜா முதல் பானையை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அவள் முகத்தைப் பார்த்தால் ஏதோ சோலைக்குள் போகிறவள் மாதிரி இருந்தது. அன்றைக்குக் கொம்பு துளிர்த்திருந்ததா என்று கேட்காதீர்கள். பார்க்க மறந்துவிட்டேன். வீட்டில் யாருமே பார்த்ததாகத் தெரியவில்லை. வைகாசியில் ஒரு மழைக்குப் பிறகு இரண்டு இடத்தில் பச்சை எட்டிப் பார்த்ததாகச் சரோஜா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னபோது, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். அதற்குள் அந்த வீட்டில் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

முனுசாமி மாமாவோ, "நான் நட்ட காலு! துளுக்காம போவுமா? என் கைராசி அப்பிடி" என்று இண்டூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். "நீ ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்றேன். "விடுங்க டீச்சர், சொல்லிட்டுப் போறாரு" என்று சரோஜா பாபினில் நூல் சுற்றினாள்.

ஆவணியில் முனுசாமி மாமாவின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. தெரிந்தவர் என்ற முறையில் எனக்கும் அழைப்பு. நான் போன நேரம் பந்தலில் முகூர்த்தக்கால் நடப்போகிறார்கள். மேளம் கொட்டுகிறது. பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு நிற்கிறார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன், அதாவது முனுசாமியின் மச்சினர், புதுப் போத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரிவாளை ஓங்குகிறார். முனுசாமி மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"நல்ல நேரம் போவுதுங்க!" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"போவட்டும். எங்க சரோஜா? சரோஜாவக் கூப்புடுங்க!"

சரோஜா பந்தலுக்கு வெளியே, பின்வரிசையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். பழக்க தோஷம். அவளுக்குக் காதில் விழுந்தும் கால் நகரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மாள் தாழ்ந்த குரலில், "கால் நடற எடத்துல அது எதுக்கு முன்னால?" என்று முணுமுணுத்தார்.

"எதுக்கா?" – அந்தப் பழைய பெரிய குரல் பந்தல் அதிரத் திரும்பி வந்தது. "இந்தக் கூட்டத்துல அடி எது, நுனி எதுன்னு அதுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்! நீ கொஞ்சம் தள்ளு!"

பெரியம்மாள் தள்ளி நின்றார். சரோஜா உள்ளே போனாள்.